பத்தாம் தேதி இடி

பாலக்கரை, திருச்சி
24-5-1958

திரு. சகாயநாதன் அவர்களுக்கு,

அக்னஸ் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை.

இந்த மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை, நம் கல்யாணப் பந்தலுக்கு வாழை மரமும் இலையும் சொல்லிவிட்டு வருகிறோம் என்று அண்ணனும் நீங்களும் ஜீயபுரத்துக்குச் சைக்கிளில் கிளம்பினீர்கள். அண்ணன் மாட்டு வண்டியில், பாயில் சுற்றித் திரும்பி வந்தார். நீங்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போனீர்கள். மறுநாள் கோவிலில் நமக்கு மூன்றாவது கல்யாண ஓலை வாசித்திருக்க வேண்டும். அதற்குப் பதில் சாமியார் அண்ணன் உடலை மந்திரித்தார். அடக்கத்துக்கு நீங்கள் வராததைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் எங்கள் வீட்டுப் படி ஏறாமல் நேரே மணப்பாறைக்கு பஸ் ஏறினீர்களே, அது ஏன்?

இடி விழுந்து இறந்துபோனார் என்றார்கள். நம்பினேன். போன புதன்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனதிலிருந்து எதை நம்புவது என்று தெரியவில்லை. வாழைத் தோட்டக்காரர் பிச்சமுத்து போலீசில் சொல்லியிருக்கிறாராம்: “ஒரே சத்தங்க. படார்னு. வேட்டு வெச்ச மாதிரி. இடின்னா உருளுமுங்களே, இது உருளவே இல்ல.” அவர் ஆற்றுக்குள் ஓடிப் பார்த்தபோது மடுவில் மீன் செத்து மிதந்ததாம். ஆறு வற்றிக் கிடக்கிற கோடையில் மடுவில் தேங்கின மீனைத் தோட்டா எறிந்து பிடிக்கிறவர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும். நீங்கள் வேலை பார்ப்பது கல்குவாரியில். பாறைக்கு வைக்கிற தோட்டா உங்கள் கைக்கு எட்டாத பொருளா?

அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் தினமும் வந்து வாசலில் உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசுகிறார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று எழுதுங்கள். விளையாட்டாகவோ, அண்ணன் ஆசைப்பட்டார் என்றோ, தோட்டா கொண்டுபோனீர்களா? எறிந்தீர்களா?

தை. அக்னஸ்


மணப்பாறை
28-5-58

மரியே வாழ்க

அக்னஸுக்கு சகாயம் எழுதுவது.

எனக்குக் காது கேட்கவில்லை. இரண்டு காதிலும் சவ்வு கிழிந்துவிட்டது என்று டாக்டர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். ஒன்று தானாகக் கூடலாம், கூடாமலும் போகலாம் என்றும் எழுதினார். உன் வீட்டுக்கு வந்திருந்தால் உன் அப்பா கேட்கிற எதுவும் எனக்குக் கேட்டிருக்காது. மகனைப் பறிகொடுத்த மனிதர் முன்னால் பொம்மை மாதிரி நிற்க வேண்டாம் என்றுதான் அம்மா என்னை இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. கையால்தான் பேசுகிறாள்.

நடந்தது இது. வாழைக்குப் பேசி முடித்துவிட்டு நானும் அமிர்தமும் ஆற்று மடுவில் குளித்தோம். நான் முதலில் கரையேறி, சைக்கிள் நின்ற மேட்டுக்கு வந்தேன். அமிர்தம் மணலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தான். மேற்கே கறுத்திருந்தது. தூற்றல்கூட இல்லை. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஒன்று. பிறகு நான் மல்லாந்து கிடந்தேன். அவன் தண்ணீர் ஓரமாகக் குப்புறக் கிடந்தான். தவழ்ந்து போய் அவனைப் புரட்டினேன்.

தோட்டா கொண்டுபோகவில்லை. எறியவில்லை. இதைத்தான் போலீசுக்கும் எழுதிக் கொடுத்தேன். உனக்கென்று தனியாக வேறு உண்மை என்னிடம் இல்லை.

சகாயம்


பாலக்கரை
2-6-58

சகாயநாதன் அவர்களுக்கு,

உங்கள் காது விஷயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வருந்துகிறேன். ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இடி என்றால் உருளும். பத்தாம் தேதி கோவிலில் மாதாவின் வணக்கமாதச் செபத்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். மேற்கே உறுமல் கேட்டது. அன்றைக்கு அதுதான் முதல் இடி. உறுமி, அடங்கி, போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடி உறுமியது. அண்ணன் நனையப் போகிறார் என்று நினைத்தேன். இத்தனை மைல் தள்ளி இருக்கிற எனக்கு உருண்ட இடி, பக்கத்துத் தோட்டத்தில் நின்றவருக்கு மட்டும் உருளாமல் போகுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். அப்பாவுக்குப் பழக்கமான ஷேக் தாவூது லாரி ஓட்டுகிறவர். அதே விளக்கு வைக்கிற வேளையில் உங்கள் மணப்பாறைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் லாரியை நிறுத்திவிட்டு மஃரிப் தொழப் போயிருக்கிறார். அவர் சொல்வது: “ஆத்துப் பக்கமா பளிச்சுன்னு வெட்டுனதைப் பார்த்தேண்ணே. ஒரு சத்தமும் இல்ல. இடிச்சிருந்தா கேக்காமயா போகும்?”

ஒருவருக்கு வேட்டு. எனக்கு உறுமல். இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. இதில் எந்த இடி அண்ணன் மேல் விழுந்தது? தாவூது பார்த்தது தோட்டாவின் வெளிச்சம், நான் கேட்டது வேறெங்கோ இருந்த மேகம் என்கிறார் சப்-இன்ஸ்பெக்டர்.

உங்கள் பேரில் சந்தேகம் என்று ஒரு காகிதம் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் அப்பா கையெழுத்துப் போட்டால் உங்களைக் கைது செய்வார்கள். முப்பதாம் தேதி ரெவின்யூ அதிகாரி ஆர்.டி.ஓ. முன்னால் விசாரணை. அதுவரை பொறுங்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று எனக்கே புரியவில்லை.

அக்னஸ்


மணப்பாறை
6-6-58

மரியே வாழ்க

அக்னஸுக்கு,

அப்பா கையெழுத்துப் போடட்டும். நீ கையை விடு.

குவாரியில் என்னை நிறுத்திவிட்டார்கள். வேட்டுக்கு முன்னால் விசில் ஊதுவார்கள். விசில் கேட்காத ஆளைப் பாறைப் பக்கம் விட முடியாது என்று மானேஜர் எழுதிக் காட்டினார். நியாயம்தான்.

முந்தாநாள் யாரோ எங்கள் வீட்டு ஓட்டின் மேல் கல் எறிந்திருக்கிறார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அம்மா சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஏன் இப்படி நடுங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே நான் இன்னொரு கவளம் பிசைந்தேன். மேலேயிருந்து ஓட்டுத்துண்டு சோற்றில் விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒர்க்‌ஷாப் ஆட்களாக இருக்கும். அவர்கள் மேல் கோபம் இல்லை. அமிர்தத்தை இழந்தவர்கள். நானும்தான் இழந்தேன், அதை யாரிடம் சொல்ல?

இடி என்றால் உருளும் என்கிறாய். நீ விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவள். உருளாத இடியும் உண்டா என்று உன் புத்தகத்தில் பார். இல்லையென்றால் நான் பொய்யன். முடிந்தது.

சகாயம்


பாலக்கரை
17-6-58

சகாயநாதன் அவர்களுக்கு,

கல் எறிந்தவர்கள் யார் என்று விசாரித்தேன். அண்ணனோடு லேத்தில் நின்ற இரண்டு பேர். “உங்க அம்மா இருக்குற வீட்டு மேல இப்படிக் கல்லு விழுந்தா சும்மா இருப்பீங்களா?” என்று கேட்டேன். ஒருவர் அழுதார். இனி வர மாட்டார்கள்.

புத்தகத்தில் பார் என்று எழுதினீர்கள். பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மூன்று வரிதான் இருக்கிறது. மின்னல் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று திடீரென்று விரிகிறது. அந்த அதிர்ச்சிதான் இடி. சரி, விரிவது ஒரு கணம்தானே? மின்னல் மறைந்த பிறகும் ஏன் அத்தனை நேரம் உறும வேண்டும்? வருஷா வருஷம் இந்த மூன்று வரியை நடத்துகிறேன். இந்தக் கேள்வி எனக்கும் வந்ததில்லை, என் பெண்களுக்கும் வந்ததில்லை.

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிற செங்கமலவல்லிக்கு ஸ்ரீரங்கம். அன்று அந்த வேளையில் உத்தர வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாளாம். “நன்னா கேட்டேனே அக்னஸ். தேர் நிலையிலேர்ந்து கிளம்பறச்சே உருளுமே, அப்படி உருண்டுண்டே போச்சு. பெருமாளே, எங்கேயோ கொட்டப் போறதுன்னு நெனச்சேன்” என்றாள். அவளும் அதையே முதல் இடி என்கிறாள். அவளை அழைத்துக்கொண்டு ஞாயிறன்று ஜீயபுரம் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மடு எங்கே இருந்தது என்றுகூட இனிமேல் யாரும் காட்ட முடியாது. பிச்சமுத்து எங்களைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார்.

“போலீசுல கேட்டதுக்குச் சொன்னேன்மா. இல்லாததைச் சொல்லல.”

“தெரியுங்க. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்ன கேட்டுச்சு, அதைச் சொல்லுங்க.”

“அப்புறம் என்னத்தைக் கேக்குறது? காதுல கொய்ங்னு ஒரே இரைச்சல். எம் பொஞ்சாதி சந்திரம்மா பக்கத்துல நின்னு கத்துறா, வாய்தான் அசையுது. அதுக்குள்ள மழை பிடிச்சு வாழை இலையெல்லாம் சடசடன்னு...”

“அப்ப உருண்டிருந்தாக்கூட உங்களுக்குக் கேட்டிருக்காதுங்களே?”

அவர் என்னையே பார்த்தார். “அதை யாரும் என்னைக் கேக்கலையேம்மா” என்றார்.

மடுத் தண்ணீர் எப்படி இருந்தது என்றும் கேட்டேன். அடிமணல் தெரிகிற மாதிரி தெளிவாக இருந்தது, மேலே மீன் மிதந்தது என்றார். தோட்டா வெடித்த தண்ணீர் தெளிவாக இருக்குமா? அது உங்களுக்குத்தான் தெரியும்.

திரும்பும்போது செங்கமலத்தின் வீட்டுக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் ஒதுங்கினோம். தொலைவில் இடித்ததெல்லாம் உறுமல். பிறகு ஒன்று கிட்டத்தில் இறங்கியது. முதலில் புதுத் துணியைக் கிழிப்பது போல் ஒரு சத்தம், அது முடிவதற்குள் கன்னத்தில் அறைந்தாற்போல் ஒரு வெடி. செங்கமலம் என் கையைப் பிறாண்டிவிட்டாள். ஒரே மேகம், ஒரே சாயங்காலம். இரண்டு விதமாகவும் இடிக்கிறது.

நீங்கள் பொய்யர் இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். அப்பா அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அலைகிறார்.

அக்னஸ்


பாலக்கரை
23-6-58

சகாயம் அத்தானுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. நீங்கள் பம்பாய்க்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக வாசலில் பேசுகிறார்கள். நிஜமா? இப்போது போனால் ஓடிவிட்டான் என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அன்றே கையெழுத்துப் போட்டுவிடுவார். தயவுசெய்து போகாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளி மைதானத்தில் என் பெண்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே வரிசையாக நிற்க வைத்தேன். செங்கமலம் நடுவில் மேஜை மேல் ஏறிக் கொடியைத் தாளமாக அசைத்தாள். கொடி இறங்கும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து கை தட்ட வேண்டும். முதலில் கலைந்து கலைந்து வந்தது, சிரித்தார்கள். பிறகு தாளம் படிந்துவிட்டது. நான் வரிசையின் ஓரத்துக்குப் போய் நின்று கேட்டேன். கண்ணுக்கு எல்லாக் கைகளும் ஒன்றாகச் சேர்கின்றன. காதுக்கு ஒரு தட்டல் இல்லை, பொரி பொரிகிற மாதிரி நீண்டு வந்தது. பக்கத்துப் பெண்ணின் தட்டல் முதலில், கடைசிப் பெண்ணின் தட்டல் கடைசியில். பிறகு அதே பெண்களை வட்டமாக நிற்க வைத்து நடுவில் நின்றேன். பட்டென்று ஒரே அடி! நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் பயந்துபோனார்கள்.

அத்தான், மின்னல் ஒரு புள்ளி இல்லை. மேகத்திலிருந்து தரை வரை மைல் கணக்கில் கோணல்மாணலாக இறங்குகிற கோடு. அந்தக் கோடு முழுவதும் ஒரே நொடியில் வெடிக்கிறது. ஆனால் ஒலிக்கு வெளிச்சத்தின் வேகம் கிடையாது. கோட்டின் கிட்ட முனையிலிருந்து வருவது முதலில் வந்து சேருகிறது, மேகத்துக்குள் இருக்கிற தூர முனையிலிருந்து வருவது பின்னால் வருகிறது. அந்த வரிசைதான் உறுமல். கோட்டில் ஒரு துண்டு நமக்குக் குறுக்கே கிடந்தால் அதன் ஒலியெல்லாம் சேர்ந்து வந்து அங்கே ஒரு குமுறல் எழுகிறது. நம்மை விட்டு விலகிப் போகிற துண்டு இழுத்து இழுத்து முனகுகிறது. நான் பாலக்கரையில் கேட்டது, செங்கமலம் தேர் என்று சொன்னது, எல்லாம் இதுதான். பிச்சமுத்துவுக்கு அந்தக் கோட்டின் அடிமுனை காதோரத்தில் வெடித்திருக்கிறது. அந்த அடியில் காது அடைத்துப்போனது, பின்னால் வந்த உறுமல் கேட்கவில்லை. மணப்பாறைக்கு ஒலி போய்ச் சேரவே இல்லை. தூரம் கூடக் கூட, தரையோரச் சூட்டுக் காற்று ஒலியை மேலே வளைத்துவிடுகிறது, அது கீழே இருக்கிறவர் தலைக்கு மேல் போய்விடுகிறது என்று கல்லூரி நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன். வெளிச்சம் மட்டும் போனது.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் ஒரே இடி. தோட்டாவாக இருந்தால் பாலக்கரையில் உருண்டிருக்காது.

முப்பதாம் தேதி நான் ஆர்.டி.ஓ. முன்னால் பேசப் போகிறேன். நீங்கள் வர வேண்டும்.

அக்னஸ்


மணப்பாறை
26-6-58

மரியே வாழ்க

அக்னஸுக்கு,

பம்பாய் பேச்சு பொய். டிக்கெட் எடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? விசாரணைக்கு வருகிறேன். ஓடவில்லை என்று காட்டுவதற்காக இல்லை. அமிர்தம் எப்படிப் போனான் என்று எழுதுகிற இடத்தில் நான் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நீ புத்திசாலி. முன்பே தெரியும். உன் பெண்கள் கை தட்டியதும் நீ தரையில் உட்கார்ந்ததும் கண்ணுக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். படமுடியவில்லை.

நீ ஊர் ஊராகப் போய், என்ன கேட்டது, என்ன கேட்டது என்று கேட்டாய். தோட்டக்காரரைக் கேட்டாய். லாரிக்காரரைக் கேட்டாய். உன் தோழியைக் கேட்டாய். என்னிடம் எறிந்தாயா என்று மட்டும்தான் கேட்டாய். இல்லை என்றேன். அது உனக்குப் போதவில்லை. மைதானத்தில் கை தட்டிய பிறகு போதுகிறது. அத்தான் என்றும் எழுதுகிறாய்.

நாளைக்கு வேறு ஏதாவது வந்தால் அப்போதும் பெண்களை வரிசையாக நிறுத்துவாயா?

கல்யாணப் பேச்சு இனி வேண்டாம். சாமியாரிடமும் சொல்லிவிடு.

சகாயம்


பாலக்கரை
2-7-58

அத்தானுக்கு,

வேண்டாம் என்றாலும் இப்படித்தான் எழுத வருகிறது. வேறு விதமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், பேனா நகரவில்லை.

நேற்று முன்தினம் நீங்கள் அந்த அறையில் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் குமாஸ்தா ஒரு வரி எழுதிக் காட்டினார், அதைப் படித்துவிட்டு எழுந்து போனீர்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிச்சமுத்து. காது அடைத்துப்போனதையும் மடு தெளிவாக இருந்ததையும் சொன்னார். பிறகு தாவூது, செங்கமலம். பிறகு நான்.

“ஒருத்தர் வேட்டுங்கறார், ஒருத்தர் தேருங்கறார், ஒருத்தர் ஒண்ணுமே கேக்கலைங்கறார். எல்லாம் ஒரே சத்தம்னு எப்படிம்மா சொல்றீங்க?” என்று ஆர்.டி.ஓ. கேட்டார்.

“எல்லாரும் ஒரே மாதிரி கேட்டதாச் சொல்லியிருந்தாத்தாங்க நான் சந்தேகப்படுவேன்” என்றேன். “ஒருத்தர் பக்கத்துல இருந்தார், நாங்க தூரத்துல இருந்தோம், லாரிக்காரர் ரொம்பத் தூரத்துல இருந்தார். அன்னிக்கு முதல் இடி. தோட்டத்துல சத்தம் கேட்ட நேரம், எங்க கோவில்ல மணி அடிச்ச நேரம், அவர் தொழுகைக்கு நின்ன நேரம், ஸ்ரீரங்கத்துல கோலம் போட்ட நேரம். எல்லாம் ஒரே நேரம்.”

“அப்ப மீனு?” என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

“மின்னல் ஆள் மேல இறங்கி ஈர மணல் வழியாத் தண்ணிக்குப் போயிருக்குங்க. மீன் செத்ததுக்கு அது போதும். தோட்டா போட்டிருந்தா சேறு கலங்கியிருக்கும், தண்ணி அப்படித் தெளிஞ்சு கிடக்காது.”

“செத்தது உங்க அண்ணன். நீங்க அந்தப் பையனுக்காகப் பேசறீங்களா?”

நீங்கள் பார்த்திருப்பீர்கள், நான் தண்ணீர் கேட்டேனே, அப்போதுதான். “எங்க அண்ணனுக்காகத்தாங்க பேசறேன்” என்றேன். “திருட்டுத்தனமா மீன் பிடிக்கப் போய்ச் செத்தார்னு எழுதாதீங்க. என் கல்யாணத்துக்கு வாழை சொல்லப் போனார்.”

அவ்வளவுதான். மின்னல் தாக்கி மரணம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு உங்கள் பின்னாலேயே வந்தார். வேப்ப மரத்தடியில் உங்கள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார், நீங்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அப்பா சொன்னது, “சாப்பிட்டியாப்பா?”

இப்போது என் விஷயம். நீங்கள் எழுதியது சரி. ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள். வானத்தின் மேல் கோபப்பட முடியவில்லை, அத்தான். எத்தனை நாள் முயன்றாலும் அது வெறும் வானமாகவே இருக்கிறது. கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். சாட்சிக்காக இல்லை, விசாரணை முடிந்துவிட்டது. உங்களுக்கு என்ன கேட்டது?

அக்னஸ்


மணப்பாறை
9-7-58

மரியே வாழ்க

அக்னஸுக்கு,

ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்கெல்லாம் கேட்ட இடி, அதன் அடியில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. வெள்ளை வெளிச்சம், மார்பில் யாரோ இரண்டு கையாலும் தள்ளியது போல் ஒரு உதை, அவ்வளவுதான். எழுந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நான் கத்துவதும் எனக்குக் கேட்கவில்லை. அப்போது காது போனது என்று தெரியாது. ஆறே சத்தமில்லாமல் போய்விட்டது, உலகமே நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிச்சமுத்து ஓடி வந்து வாயை அசைத்தபோதுதான் என்னிடம்தான் கோளாறு என்று புரிந்தது.

அதற்கு முந்தின நொடி வரைக்கும் எல்லாம் நன்றாகக் கேட்டது. அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு பேண்டு வைக்க வேண்டும் என்று அவன், நாதஸ்வரம் போதும் என்று நான். “பேண்டு இல்லாம என் தங்கச்சியை அனுப்ப மாட்டேன் மாப்ளே. பொன்மலையிலேர்ந்து பசங்க வராங்க, பைசா வேணாங்கறாங்க” என்றான். நான் மேட்டில் நின்றுகொண்டு, அந்தப் பசங்கள் வாசித்தால் சாமியார் பூசையை நிறுத்திவிட்டு ஓடிவிடுவார் என்றேன். அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. “எப்படி வாசிப்பாங்க தெரியுமா? கேளு” என்று தலை துவட்டிய துண்டை மாலை மாதிரி போட்டுக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயாலேயே ட்ரம்பெட் வாசித்தான். பாம், பாபாம், பப்பப்பாம். மணலில் கால் மாற்றி மாற்றி மார்ச் போனான். கண்றாவியாக இருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, ரொம்பக் கவனமாக வாசித்தான்.

அதுதான் நான் கடைசியாகக் கேட்டது.

போலீசுக்கு இதை எப்படி எழுதுவது? உனக்குத்தான் எப்படி எழுதுவது, நீ அப்படிக் கேட்டிருந்தபோது? அமிர்தம் மணலில் நின்று தலை துவட்டினான் என்று எழுதிவிட்டேன். இதை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். ராத்திரியில் வேறு எதுவும் கேட்காத இந்தக் காதில் அந்த பாபாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

வானத்தின் மேல் கோபப்பட முடியாது என்று எழுதினாய். அதைப் படித்தபோது உன் மேல் இருந்த கோபத்தைத் தேடினேன். கொஞ்சம் இருக்கிறது. முன்பு போல இல்லை.

உன் அப்பாவிடம் சொல். அன்று நான் சாப்பிடவில்லை.

சகாயம்


பாலக்கரை
14-7-58

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாபாம் வந்த இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. அப்பா கடிதத்தை வாங்கித் தானே படித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது, அழுகிறார் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், அத்தான். கண்ணில் தண்ணீரும் வந்தது. “சின்னப் பிள்ளையிலேர்ந்து அவனுக்குச் சுதியே சேராது” என்றார். அண்ணன் போன பிறகு அப்பா ஒரு முழு வாக்கியம் பேசி இன்றுதான் கேட்டேன்.

கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் வேண்டாம் என்று எழுதியது எழுதியதுதான். அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்பா கேட்கிறார்: ஒரு நாள் வந்து, அவன் அன்று எப்படி வாசித்தான் என்று உங்கள் வாயால் செய்து காட்ட முடியுமா? கடிதத்தில் ராகம் தெரியவில்லை என்கிறார். நாங்கள் பேசுவதை நான் எழுதிக் காட்டுகிறேன். வாசலில் யாரும் உட்காருவதில்லை. உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள்.

அக்னஸ்


மணப்பாறை
18-7-58

மரியே வாழ்க

அக்னஸுக்கு,

ஞாயிறு பூசை முடிந்ததும் வருகிறோம். அம்மா உன் அப்பாவுக்கு முறுக்கு சுடுகிறாள்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் குரல் எனக்குக் கேட்காததால் நான் இப்போதெல்லாம் ரொம்ப உரக்கப் பேசுகிறேன் போலிருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அம்மா ஓடி வந்து ஜன்னலைச் சாத்துகிறாள். அமிர்தம் வாசித்ததை நான் வாசித்தால் உங்கள் தெரு முழுக்கக் கேட்கும். பரவாயில்லையா?

சகாயம்


பாலக்கரை
19-7-58

அத்தானுக்கு,

கேட்கட்டும்.

அக்னஸ்